திரையில் கண்ட துயரம்

2011 ஜூன் 14 அன்று பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ எனும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. 2012-இல் அதன் தொடர்ச்சியும், 2013-இல் அதே இயக்குநர் கேலம் மெக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ படமும் வந்தன. பண்ணைப்புரம் போன்ற மலையடிவார ஊர்களிலும் கைபேசி வழியே அவற்றைப் பார்த்தோர் உண்டு. சிலர் அழுதனர், சிலர் சினந்தனர், சிலர் பாதியில் அணைத்துவிட்டனர். அணைத்தவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆடையின்றிக் கிடக்கும் உடல்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இறந்தோர்க்குச் செய்யும் மரியாதையா என ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி அது.

அக்காட்சிகளுள் மிகக் கொடியவை, படைவீரர்களே வெற்றிச் சின்னம்போலக் கைபேசியில் எடுத்தவை என்கிறது படம். இலங்கை அரசு மறுத்தது; எதிர்ப்படமும் வெளியிட்டது. எனினும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெயின்ஸ், வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, சுட்டுக்கொல்லும் காட்சி உண்மையானதே என 2011-இல் அறிவித்தார். எடுத்தவன் அதைப் பார்த்தான்; நாமும் பார்க்கிறோம். இவ்விரு பார்வைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நமது கண்ணீர் மட்டும்தானா?

கார்த்தேஜ் நகரில் தம் இளமையில் கொண்டிருந்த நாடகப் பித்தை நினைவுகூரும் புனித அகுஸ்தினார், நமக்கு நெருடலான ஒன்றைக் கேட்கிறார். தான் பட விரும்பாத துன்பத்தை அரங்கில் கண்டு வருந்த மனிதன் விரும்புவதேன்? அங்கே அவன் உதவிக்கு அழைக்கப்படுவதில்லை. வருந்த மட்டுமே அழைக்கப்படுகிறான். அவ்வருத்தமே அவனுக்கு இன்பமாகிவிடுகிறது. அவர் பேசியது கற்பனைத் துயரைப் பற்றி. ஆனால் உண்மைத் துயரையும் நாடகம்போலப் பார்த்து எழுந்துவிட நம்மால் முடியும் அன்றோ?

2009-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனதற்கு ஏலத்தோட்டக் கூலியாள் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், முதற்படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, 2011 ஜனவரியில், இலங்கையின் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 4,29,059. அரசின் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது? அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் கூறவில்லை. கேட்டார், விடை வரவில்லை, மீண்டும் கேட்டார். வெறும் கழித்தல் கணக்குத்தான். ஆயினும் எந்தக் காட்சியையும்விட அதுவே நம்மை அதிகம் அசைத்தது.

நம் மாநிலத்திலோ, 1983 முதல் வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021-இல் தமிழ்நாடு அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது, நல்ல செயல். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயர் இல்லை. இம்மண்ணிலேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, பட்டமும் பெற்ற பின் குடியுரிமையின்றி அரசு வேலைக்கு விண்ணப்பிக்க இயலாமல் நிற்கும் இளைஞர்கள் அங்கே உள்ளனர். திரைமுன் அழுத நம்முள் எத்தனை பேர் ஒருமுறையேனும் அம்முகாம்களின் வாசல்வரை சென்றிருக்கிறோம்?