கருந்துளைக்குள் விழுந்த கடிதம்

அம்மா உங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதம், பழைய பேப்பர்களோடு சேர்ந்து வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'போச்சே... எல்லாம் போச்சே!' என்று மனசு பதறும் இல்லையா?

'எதுவும் போகவில்லை' என்கிறது இயற்பியல். சாம்பல், புகை, சூடு, வெளிச்சம் அத்தனையையும் துளி விடாமல் சேகரித்து, அணு அணுவாகக் கணக்குப் போட முடிந்தால், கடைசி எழுத்து வரை மீட்டுவிடலாமாம். நம்மால் ஆகிற காரியமா? இல்லை. ஆனாலும் நடந்த எதுவும் சுவடில்லாமல் அழியாது என்பது அந்த சாஸ்திரத்தின் அஸ்திவாரம்.

சரி, அதே கடிதம் ஒரு கருந்துளைக்குள் விழுந்தால்?

பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து, தன் பாரம் தாங்காமல் தனக்குள்ளேயே நொறுங்கும்போது கருந்துளை பிறக்கிறது. அதன் எல்லையைத் தாண்டினால் ஒளிகூடத் திரும்பாது. நட்சத்திர மண்டலங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ராட்சதக் கருந்துளைகளும் உண்டு. 2019-ல் வெளியான ஆரஞ்சு வளையப் படம் நினைவிருக்கிறதா? அதன் நடுவே தெரிந்த இருட்டு, 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில், 650 கோடி சூரியன்களின் எடையோடு இருக்கும் ஒரு கருந்துளையின் நிழல்!

வெளியே நின்று பார்க்கும் உங்களுக்கு, எல்லையை நெருங்க நெருங்கக் கடிதத்தின் வேகம் குறையும். சிவந்து, மங்கி, உறைந்ததுபோல மறையும். அது எல்லை தாண்டியதைப் பார்க்கவே மாட்டீர்கள். கூடவே ஒருவர் விழுந்தால்? ஐன்ஸ்டைன் கணக்குப்படி, அத்தனை பெரிய கருந்துளையில் எல்லை கடந்ததே அவருக்குத் தெரியாது. விபரீதம் பிறகுதான். தலையைவிடக் காலைப் பலமாக இழுக்க, உடம்பு இடியாப்பமாக நீளும். நடுமையத்தில் என்ன நடக்கிறது? அங்கே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே கைவிரித்துவிடுகின்றன.

கருந்துளைகள் வெப்பத்தை உமிழ்ந்து மெள்ள மெள்ளக் கரையும் என்று 1974-ல் சொன்னார் ஸ்டீபன் ஹாக்கிங். 1976-ல் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டார். உள்ளே விழுந்தது கடிதமா, கருங்கல்லா என்ற சேதியே அந்த வெப்பத்தில் இல்லையாம். கருந்துளை கரைந்துவிட்டால், அம்மாவின் எழுத்து எங்குமே இல்லை!

விஞ்ஞானிகள் சண்டை நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செய்த உதவி, பட்ட கடன், சொன்ன சொல் எல்லாம் நடந்தது நடந்ததுதான் என்ற நம்பிக்கையில் அல்லவா நிற்கின்றன? சுவடே இல்லையென்றால், நடந்ததற்கும் நடக்காததற்கும் என்ன வித்தியாசம்? தமிழ் படித்த எனக்குத் தோன்றுவது இதுதான்: சுவடு வேறு, நடந்தது வேறு. சாட்சி சொல்ல ஓர் அணுகூட மிஞ்சாவிட்டாலும், அம்மா எழுதவில்லை என்று ஆகிவிடாது.

விஞ்ஞானிகள் அதோடு விடுவார்களா? சேதி அழியாது என்று வாதிட்ட ஜான் பிரெஸ்கில்லோடு ஹாக்கிங்கும் கிப் தோர்னும் 1997-ல் பந்தயமே கட்டினார்கள். 2004-ல் டப்ளின் நகரில், தோற்றேன் என்று ஒப்புக்கொண்ட ஹாக்கிங், பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். தோர்ன் மட்டும் அன்று மசியவில்லை. 2019 முதல் வந்த புதிய கணக்குகளும் பிரெஸ்கில் பக்கமே சாய்கின்றன. ஆனால், உள்ளே போன எழுத்து எந்த வழியாக வெளியே வருகிறது என்பதை இன்னும் யாரும் தெளிவாகக் காட்டவில்லை.