உறையிலும் உயிர் நோக்குக



கதிரவன் மறையுமுன் உண்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். கிழங்கு வகைகளை விலக்குகின்றோம். உணவை இவ்வளவு ஆராயும் நாம், அதனைப் பொதிந்து வரும் உறையை ஆராய்கின்றோமா? அது எவ்வுயிரிடமிருந்து வந்தது? நம் கையை விட்டு நீங்கியபின் எவ்வுயிரை வருத்தப் போகின்றது? இவ்விரு வினாக்களும் உறைக்கும் உரியவையே.

இரண்டாம் வினாவுக்குரிய விடை, தாம்பரத்திலும் சூழவுள்ள ஊர்களிலும் வாழும் நமக்கு அருகிலேயே உள்ளது. நீர்ப்பறவைகள் வாழும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அச்சதுப்பின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பை மேடு எழுந்தது. தெருவில் எறிந்த பிளாஸ்டிக் பையை, உள்ளிருக்கும் எச்சிலுணவுக்காகப் பசு பையோடு விழுங்குகின்றது. செரியாத பை இரைப்பையில் தங்கி அதனை வாட்டுகின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. சட்டம் கடையைத் தடுக்கலாம். நம் கையைத் தடுக்க வல்லது விரதமே.

பிளாஸ்டிக்கிற்கு மாற்றாக, உணவோடு உண்ணத்தகும் உறைகளை அறிவியலார் ஆக்கியுள்ளனர். அவற்றுள் ஒன்று புல்லுலான். மாவுச்சத்துப் பாகில் வளரும் ஒரு நுண்பூஞ்சை, சர்க்கரைக் கூறுகளைச் சங்கிலிபோல் கோத்து இதனை வெளியிடுகின்றது. ஜப்பானில் 1976 முதல் இது வணிக அளவில் உற்பத்தியாயிற்று. நிறமும் மணமும் சுவையும் அற்ற இதன் மெல்லிய படலம் பிராணவாயுவை எளிதில் ஊடுருவ விடாது. எனவே உணவு விரைந்து கெடுவதில்லை. நீரில் கரைந்துவிடும். மருந்துக் கேப்சூல்களின் கூடும் இதனால் செய்யப்படுகின்றது.

ஆயினும் 'உண்ணத்தக்கது' என்ற சொல் ஒன்றே நமக்குப் போதாது. கேப்சூல்களில் பெரிதும் வழங்கும் ஜெலட்டின், விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து பெறப்படுவது. பழங்களின்மேல் பூசத்தகும் கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. இவை திரச ஜீவன்களின் உடற்பொருள்கள். புல்லுலானைத் தரும் பூஞ்சையோ ஓரறிவுயிர்.

இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதம், திரச ஜீவன்களை அறிந்து வதைத்தலை முற்றும் விலக்குகின்றது; ஓரறிவுயிர்களையும் பயனின்றி வருத்தாமையை வேண்டுகின்றது. ஆகவே ஜெலட்டினை நோக்கப் புல்லுலானில் இம்சை குறைவு. இம்சையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. பூஞ்சை சார்ந்தவற்றை முற்றும் துறந்த விரதியருக்கு அதுவும் விலக்கத்தக்கதே. மருந்து வாங்குங்கால் தாவரச் செல்லுலோஸ் கூடு உண்டா என மருத்துவரைக் கேளுங்கள். அவரைக் கேளாது மருந்தை நிறுத்தாதீர்கள்.

கழிப்பனவற்றை உயிரில்லா இடம் நோக்கிக் கழித்தல், துறவியருக்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று. பயனற்ற தீங்கை விலக்கும் அனர்த்த தண்ட விரதம் நமக்கே உரியது. இவ்விரண்டையும் நினைவார்க்குத் துணிப்பையும் தூக்குப் பாத்திரமும் சுமையாகா. உறையே வேண்டாத இடத்தில் உறையை மறுப்பதே முதல் அறம். வேண்டிய இடத்தில் இம்சை குறைந்ததைத் தேர்வது அடுத்த அறம்.

எல்லா உயிரும் இன்புறுக! அகிம்சை அறம் ஓங்குக!