வில்வத்தின் உறவினர்

சிவபூசைக்குரிய வில்வ இலையொன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பவர், ஊசிமுனையால் குத்தியதுபோன்ற நுண்புள்ளிகள் அதில் நிறைந்து ஒளி கசிவதைக் காண்பார்; வாசனைத் தைலம் தங்கும் அந்தச் சிறு பைகளே எலுமிச்சை இலையிலும், குழம்பிலிருந்து பொறுக்கி நாம் ஓரத்தில் ஒதுக்கிவிடும் கறிவேப்பிலையிலும் இருக்கின்றன. தாவர சாஸ்திரிகள் இம்மூன்றையும் ரூட்டேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். ஈசன் முடிக்கு ஏறுவதும் எச்சில் இலையில் கிடப்பதும் ஒரே குலம் என்னும் இத்தீர்ப்பு இயற்கையில் உள்ளதா, மனித புத்தி தன் சௌகரியத்துக்காகக் கற்பித்ததா?

நம் தர்க்க மரபில் இது பழைய வழக்கு. பல பசுக்களுக்கும் பொதுவான பசுத்தன்மை நித்தியமான, மெய்யான பதார்த்தம் என்று நையாயிகர் சாதித்தனர். அப்படியொன்று தனியே இல்லை, பசுவல்லாதவற்றை விலக்குவதே அச்சொல்லின் தொழில் என்று திங்நாகர் வழிவந்த பௌத்தர் மறுத்தனர்.

1753-ல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், இனங்கள் பெரும்பாலும் சிருஷ்டியில் அமைந்தபடியே நிற்பவை என்று கருதியதால், நையாயிகர் பக்கத்தில் உட்கார வைக்கத் தக்கவர். ஆயினும், பெரும்பாலும் பூவின் கேசரங்களை எண்ணித் தாம் வகுத்த 24 வகுப்புகள் செயற்கையானவை என்பதை அவரே அறிந்திருந்தார். தரங்கம்பாடியில் வைத்தியராயிருந்த தம் மாணாக்கர் கோனிக்கின் பெயரால் அவர் கறிவேப்பிலைக்கு 1771-ல் 'பெர்கெரா கோனிகி' என்று நாமகரணம் செய்தார். 1825-ல் ஸ்பிரெங்கல் என்னும் தாவர சாஸ்திரி அதை 'முர்ரயா' ஆக்கினார். இக்காலத்தார் பலர் மீண்டும் பெர்கெராவுக்கே திருப்பிவிட்டனர். இவ்வளவு அலைச்சலிலும் வில்வத்தோடு அதற்குள்ள உறவு அறவில்லை.

அவ்வுறவின் காரணத்தை 1859-ல் டார்வின் சொன்னார்: ஒத்திருப்பவை ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள். ஆகவே குடும்பம் என்பது காலத்தில் தோன்றி, காலத்தில் அழியவும் கூடியதொரு வம்சம். நித்தியமும் அன்று, வெறுங் கற்பனையும் அன்று. இந்த மூன்றாவது வழி நம் வாதிகள் இருவருக்குமே புலப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருந்தும் பௌத்தருக்கு ஓர் இடம் மிஞ்சுகிறது. உடைத்தால் பால் வடியும் எருக்கையும் அரளியையும் நெடுங்காலம் இரு குடும்பங்களாகக் கொண்டிருந்தவர்கள், எருக்கின் கூட்டம் அரளிக் குடும்பத்துக்குள்ளிருந்தே கிளைத்தது என்று மரபணுச் சான்றால் தெளிந்தபின், இரண்டையும் அப்போசைனேசி என ஒன்றாக்கினர். கிளைத்தது எருக்கின் சரித்திரம். எந்தக் கிளைமட்டும் ஒரு குடும்பம் என்று எல்லை கட்டுவதோ இன்றும் சாஸ்திரிகள் கூடிப் பேசி முடிவுசெய்யும் காரியமாகவே இருக்கிறது.