அறிதலின் பொருட்டுக் கொல்லுதல்

அயனமண்டல மழைக்காடொன்றிற்குப் பூச்சி சேகரிக்கச் செல்லும் குழு, புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஒரு பட்டியலைத் தயாரித்துவிடுகின்றது. வலைகள், இரவில் விளக்கேற்றித் தொங்கவிடும் வெள்ளைத் துணி, அற்ககோல் நிறைந்த போத்தல்கள், எதைல் அசற்றேற்று ஊற்றிய கொல்போத்தல், ஊசிகள், பெயர்ச்சீட்டுகள், அனுமதிப் பத்திரம், அட்டை ஏறாத காலுறைகள். பட்டியலில் எங்கும் 'உயிர்' என்னும் சொல் இல்லை. ஆயினும் எத்தனை போத்தல்கள் என எழுதப்படும்போதே எத்தனை உயிர்கள் என்பதும் ஏறத்தாழத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. ஆதலின் பூச்சி சேகரிப்பின் அறப்பிரச்சினை காட்டில், வலை வீசும் கணத்தில் எழுவதன்று. திட்டம் வரையும் மேசையிலேயே எழுவது என்பது என் கருத்து.

கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் போற்றும் நாம், நுளம்புச் சுருளைக் கொளுத்திவிட்டு நிம்மதியாக உறங்குபவர்களுமாவோம். ஆகவே பூச்சியைக் கொல்வதே பாவம் என்று விலங்கியல் மாணவரை நோக்கிக் கூற நமக்கு வாயில்லை. அன்றியும், கொல்லாமல் அறிய முடியாதவை பல. எத்தனையோ வண்டினங்களை, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பிரித்துப் பார்த்தாலன்றி வேறுபடுத்தியறிய இயலாது. புதிய இனமொன்றிற்குப் பெயரிடுவோர், பிறர் ஒப்புநோக்கத்தக்க மாதிரியொன்றை நூதனசாலையில் வைப்பதே வழக்கு. ஓர் உயிரின் மரணம் அதன் இனத்துக்குப் பெயராகின்றது. இது சிறிய பயனன்று. ஆனால் ஒன்று போதுமான இடத்தில் ஆயிரம் எதற்கு?

அல்பிரட் றசல் வலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்து 1,25,660 மாதிரிகளைச் சேர்த்தார். அவற்றுள் 83,200 வண்டுகள். செல்வந்தரல்லாத அவர், மேலதிக மாதிரிகளை இலண்டனில் ஒரு முகவர் வாயிலாக விற்றே பயணச் செலவை ஈடுசெய்தார். அவ்வண்டுகளுட் பல அறிவுக்காக அன்றி அரிசிக்காக மடிந்தன எனலாம். எனினும், எவ்வினம் எத்தீவிற் கிடைத்தது என்பதில் அவர் காட்டிய கவனத்தாலேயே ஆசிய விலங்குகளுக்கும் அவுஸ்திரேலிய விலங்குகளுக்கும் இடையிலான எல்லை புலனாயிற்று. இடமறியாத வண்டு வெறும் அழகுப் பொருள். இடமறிந்த வண்டே சான்று.

வலையேனும் ஓரளவு தெரிவு செய்கின்றது. நச்சுப்புகை தெரிவு செய்வதில்லை. ரெரி ஏர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சிகளிற் பூச்சிகொல்லிப் புகையைச் செலுத்தி, விழுந்தவற்றைச் சேகரித்தார். ஏறத்தாழ 1,200 வண்டினங்கள் காணப்பட்டன. இதிலிருந்து, அயனமண்டலத்தில் மூன்று கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கக்கூடும் என 1982 இல் அவர் கணித்தார். பின்வந்த கணிப்புகள் அத்தொகையை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆயினும் காட்டின் செல்வம் நம் தலைக்கு மேலே இருக்கின்றது என்பதை உலகம் உணர்ந்தது அப்புகையினாலேயே. இதனைக் கொடுமையென்று ஒதுக்க என்னால் இயலவில்லை. முழு மனத்தோடு ஏற்கவும் இயலவில்லை.

நமது சிங்கராஜ வனத்தில் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரங்கள் தறிக்கப்பட்டன. எதிர்ப்பின் பின்னர் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. மரந்தறிப்போர் அழிக்கும் பூச்சிகளோடு ஒப்பிடின் எமது போத்தல் எம்மாத்திரம் எனச் சேகரிப்போர் வாதிப்பதுண்டு. கணக்கு சரியே. ஆனால் பிறனது பெருங்கொலை என் சிறுகொலைக்கு நியாயமாகாது. காட்டைக் காக்க வாதிடுவோருக்கு அங்கு வாழ்வன பற்றிய பட்டியல் தேவை என்பதே வலிய வாதம். அவ்வாதமும், பட்டியல் உண்மையில் எழுதப்பட்டாற்றான் நிற்கும்.

இன்று ஆராயப்படாதவை நாளை வேறொருவருக்குப் பயன்படும் என்பர். திகதியும் இடமும் எழுதப்பட்டிருப்பின் அது உண்மை. சீட்டில்லாத போத்தலுக்கு அவ்வாய்ப்பில்லை. ஆகவே திட்டத்தில் இன்னுமொரு நிரல் வேண்டும்: யார், எத்தனை நாட்களில் இவற்றை வகைப்படுத்திச் சீட்டு ஒட்டுவார்? இரண்டு இரவுகளில் விளக்குக்கு வரும் பூச்சிகளுக்கே ஆறுமாத உழைப்புப் போய்விடுமெனின், மூன்றாம் இரவுக்கான போத்தல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அன்றும் விளக்கேற்றி, துணியில் வந்தமர்வனவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்வதற்குத் தடையில்லை.