பிழைத்த நாயும் பிழைக்காத குட்டிகளும்

காலையில் துள்ளித் திரிந்த மூன்று மாத நாய்க்குட்டி மாலையில் வாந்தி எடுக்கிறது. மறுநாள் ரத்தமாய்ப் பேதி. அதற்கடுத்த நாள் தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கிறது. பார்வோ. 1978வாக்கில் உலகெங்கும் தலைகாட்டிய இந்த வைரஸ், குடலில் புதிய செல்கள் பிறக்கும் இடத்தையே அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களையும் குறைக்கிறது. கவனிக்காமல் விட்டால் பத்தில் ஒன்பது வரை செத்துப்போகும். முன்னங்காலில் ஊசி குத்தி, பிளாஸ்டர் ஒட்டி, ரிங்கர் லாக்டேட் திரவம் ஏற்றி, வாந்தியையும் கிருமித்தொற்றையும் அடக்கினால் பத்தில் எட்டு பிழைக்கும். குட்டி மெல்ல எழுந்து கிண்ணத்துத் தண்ணீரை நக்கும்போது வீட்டார் சொல்வது ஒன்றுதான்: ‘சாமி காப்பாத்திடுச்சு.’ வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் அந்தச் சாமி நாயை வாகனமாக வைத்திருக்கும் பைரவராக இருக்கலாம், அல்லாவாகவோ ஏசுவாகவோ இருக்கலாம். அந்த நன்றியில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. ‘எத்தனையோ நாய்கள் இருக்க, எங்கள் நாயைக் கடவுள் பார்த்துக் காப்பாற்றினார்’ என்று அது வளரும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

கணியம்பாடி என்ற பெயர் பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமுதாய மருத்துவப் பிரிவு இந்த ஒன்றியத்தின் பிறப்பு இறப்புகளை ஊர் ஊராகப் பல பத்தாண்டுகளாகப் பதிந்துவருகிறது. இறப்புகளையும் பதிவதற்குக் காரணம் உண்டு: பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கஷாயமும் அமுதம்தான். செத்தவர்களையும் கணக்கில் சேர்த்தால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும். அருளுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாமா? வேளாங்கண்ணிக் காணிக்கைக் காட்சிக்கூடத்தில் இருப்பவை நலமடைந்தவர்கள் கொண்டுவந்து வைத்தவை. நலமடையாதவர்கள் எதைக் கொண்டுவருவார்கள்? சிசரோ சொல்லும் கிரேக்கக் கதையில் டயகோரஸ் இதைத்தான் கேட்டார்: கப்பல் கவிழ்ந்தும் தப்பியவர்களின் படங்கள் கோயிலில் இருக்கின்றன, மூழ்கியவர்களின் படங்கள் எங்கே? சாக்கடை ஓரத்தில் அதே வயதுக் குட்டிகள் அதே நோயில் சாகின்றன. அவற்றுக்கும் வீட்டுக் குட்டிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒரு தடுப்பூசி, நாலைந்து பாட்டில் சலைன், கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ வாடகை.

‘டாக்டர் கை வழியாகத்தான் கடவுள் வருகிறார்’ என்பார்கள். வரட்டும். ஏற்றிய சலைன் அவர் செயல் என்றால், ஏற்றப்படாத சலைன் யார் செயல்? வினைப்பயன் என்று சொல்பவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பிழைத்தால் நல்வினை, செத்தால் தீவினை. ஆனால் எது நடந்தாலும் பொருந்திவிடும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. போதாததற்குச் செத்த குட்டியின் தலையில் முற்பிறவிப் பழியையும் ஏற்றிவிடுகிறது. இவற்றைவிடக் கௌரவமான பதில், இறைவன் சித்தம் நமக்குப் புரியாது என்பது. அதை மதிக்கிறேன். ஆனால் புரியாது என்றால் முழுக்கவே புரியாது. உங்கள் நாயை அவர் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் எப்படிப் புரிந்தது?

அப்படியானால் நாய் பிழைத்ததில் மதத்துக்குப் பேச ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். தாகத்தில் ஈரமண்ணை நக்கும் நாயைப் பார்த்தவர் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதைப் பல்லில் கவ்விக்கொண்டு மேலேறிய செய்தி புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன. மகாபாரதத்தின் முடிவில், கூட வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்கிறார் தருமர். இரண்டு கதையிலும் நாய்க்காக எந்த அற்புதமும் நடக்கவில்லை. கேள்வி அங்கே மனிதனைப் பார்த்து எழுகிறது: நீ இறங்குவாயா, நிற்பாயா? பார்வோ கண்ட குட்டிக்காக ராத்திரி முழுக்கப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீட்டாரிடம் கேட்கப்படுவதும் இதுதான். குட்டி செத்திருந்தாலும் அவர்களுடைய பதிலின் மதிப்பு குறைந்திருக்காது.

ஒரு குத்தலான கேள்வி மிச்சம் இருக்கிறது: வேலூரிலிருந்து ஆம்பூர் வரை மாட்டுத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் பிழைக்கும் பகுதியில், ஒரு நாய்க்காக அழுவது வேஷம் இல்லையா? முரண் இருக்கிறது; அதை மழுப்ப முடியாது. ஆனால் அந்த ஹதீஸ் மனிதர் தண்ணீர் மொண்டதும் தோலில்தான். ஓர் உயிரிடம் இரக்கம் காட்ட முந்தைய கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு வா என்றால் யாருமே கிணற்றில் இறங்க முடியாது. போதாக்குறைக்கு, இந்தக் கேள்வியைக் கேட்பவர் காலில் கிடப்பது பெரும்பாலும் தோல் செருப்பு. தொட்டியில் ஊறும் தோலின் நாற்றத்தை அவர் ஒருநாளும் முகர்ந்திருக்க மாட்டார்.