பிரியும் நாளில் துணை யார்?

மணமேடையிலே மணமகனுக்குப் பக்கத்தில் ஒரு தோழன். மணமகளுக்குப் பக்கத்தில் ஒரு தோழி. மாலை நழுவினால் சரிசெய்ய ஒரு கை, வியர்வை துடைக்க ஒரு கை. மகிழ்ச்சி பொங்கும் நாளுக்கே தோழமை தேவை என்று கண்டது நம் சமூகம். அதே இருவர், வாழ்ந்து பார்த்து, வருந்திப் பார்த்து, இனி இணைந்திருக்க இயலாது என்று வழக்குமன்றப் படியேறும் நாளில் பக்கத்தில் நிற்பவர் யார்? எவருமில்லை! சிரிக்கும் நாளில் இருவர் துணை. சிதையும் நாளில் ஒருவருமில்லை. இஃது என்ன அறம்?

மணவிலக்கு நாடுவோருக்குத் துணை நிற்பது குடும்பத்தைக் கலைக்கும் குற்றமா, மனிதனுக்கு மனிதன் செய்யும் கடமையா? இதுதான் கேள்வி.

ஆண்டிமடம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். முந்திரிக்காடுகள் சூழ்ந்த சிற்றூர்கள். கணவன் வீட்டிலிருந்து பெட்டியுடன் ஒரு பெண் பேருந்தை விட்டு இறங்கினால், அவள் வீடு சேருமுன் செய்தி தெருக்கோடி சேர்ந்துவிடும். 'வாழாவெட்டி' என்ற சொல் அவளுக்காகக் காத்திருக்கிறது. வாழவிடாதவனுக்கு அப்படியொரு பெயர் வைத்தோமா? அறிவுரைக்கு மட்டும் பஞ்சமில்லை. "பொறுத்துப் போடி" என்பாள் அத்தை. "கல்லானாலும் கணவன்" என்பார் தாத்தா. "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணுமே" என்று கண்கலங்குவாள் தாய். சோதிடர் கட்டத்தைப் பார்த்து, ஏழில் செவ்வாய் என்பார். பரிகாரத்துக்குப் பணம் கேட்பார். பத்துப் பொருத்தமும் பார்த்துச் சேர்த்துவைத்தவரும் அவரே!

சிலப்பதிகாரத்திலே கண்ணகிக்கும் ஒரு தோழி உண்டு; தேவந்தி. கோவலனைப் பிரிந்து வாடியவளிடம், குளத்தில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்கிறாள் அவள். அது பெருமையாகாது என்று மறுக்கிறாள் கண்ணகி. அன்புள்ள தோழிதான், ஆனால் அவள் கையிலிருந்த மருந்து குளத்து நீர் ஒன்றே. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

"பிரிவுக்குத் துணைபோனால் பிரிவுகள் பெருகுமே" என்பார் சிலர். முறிந்த எலும்புக்குக் கட்டுப்போடுகிறவரை, எலும்பை முறித்தவர் என்று ஏசுவாருண்டோ? துணைவரின் வேலை சேர்த்துவைப்பதன்று, பிரித்துவைப்பதுமன்று. முடிவெடுக்க வேண்டியவர், அச்சமின்றி, அவசரமின்றி, உண்மை அறிந்து முடிவெடுக்க வழி செய்வதே அவர் வேலை.

பம்பாயில் இதற்கொரு வரலாறு நடந்தது. பதினோரு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் அக்கணவனுடன் வாழ மறுத்தார். 1884-இல் அவன் வழக்குத் தொடுத்தான். 1887-இல் வந்த தீர்ப்பு: கணவனிடம் செல், இல்லையேல் சிறை செல்! சிறையே மேல் என்றார் அவர். மருத்துவரான வளர்ப்புத் தந்தை சகாராம் அர்ஜுன் தொடக்கத்தில் துணை நின்றார். பின்னர் நண்பர்கள் அவருக்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தனர். ஆனால் அவருடைய கருத்தை அவரே எழுதினார், 'ஓர் இந்துப் பெண்' என்ற பெயரில், நாளிதழுக்கு. தோழர்கள் தோள் கொடுத்தனர், நாவைப் பறித்துக்கொள்ளவில்லை. 1888-இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்று விலகினான் கணவன். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் கற்று, சூரத்தில் நெடுங்காலம் பெண்களுக்குப் பணியாற்றினார். துணை இல்லாதிருந்தால் அந்தக் கைகள் எத்தனை பேரைக் காத்திருக்கும்?

மணவிலக்குரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1949-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1955-இல் நாடு முழுவதுக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது. 1976-இல், இருவரும் ஒப்பிப் பிரியும் வழி திறந்தது. ஓராண்டு பிரிந்திருந்தபின் மனு. அதன்பின் ஆறு மாதம் காத்திருப்பு. தக்க காரணமிருந்தால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்த ஆறு மாதம் எதற்கு? சிந்திப்பதற்கு! யாருடன் அமர்ந்து சிந்திப்பது? சட்டம் நாள் கொடுத்தது. நாம் ஆள் கொடுத்தோமா?

இன்று நகரங்களில், கட்டணம் பெற்று இப்பாதையில் உடன்வரும் பயிற்சியாளர்கள் தோன்றியுள்ளனர். "துயரத்தையும் கடைச்சரக்காக்கிவிட்டார்களே" என்று சிலர் நகைக்கின்றனர். பரிகாரத்துக்குப் பணம் கட்டும்போது நகைக்காதவர்கள் இதற்கு மட்டும் நகைப்பானேன்? எனினும், கண்மூடி ஏற்பதும் பகுத்தறிவாகாது. அப்பெயரில் பலகை மாட்ட இந்நாட்டில் உரிமம் கேட்பாரில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டும்: கற்றது என்ன? கட்டணம் எவ்வளவு? எந்த இடத்தில் நிறுத்தி, வழக்கறிஞரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவீர்? "நான் சொல்வதைச் செய்" என்பாராயின், அவர் பயிற்சியாளர் அல்லர், புதுச் சோதிடர்!

முந்திரி உடைத்துக் கூலி பெறும் பெண் அக்கட்டணத்துக்கு எங்கே போவாள்? அவளுக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, எந்தப் பெண்ணும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு அலுவலரைத் தந்தது. 181 என்ற எண் மகளிர்க்கான உதவி அழைப்பு. இவற்றை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு தோழி வேண்டும். செயங்கொண்டத்துக்கோ அரியலூருக்கோ பேருந்தேறும் நாளில் உடன் ஏறவும் வேண்டும்.

தோழமையின் கடமைகள் எளியவை. படிக்காத தாளில் கையெழுத்திட விடாதே. பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், நகைப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டிவைக்க உதவு. அடியும் உதையும் உள்ள வீட்டுக்குச் 'சமாதானம்' பேசித் திருப்பி அனுப்பாதே. உயிர் முதலில், உறவு பிறகு. பிள்ளையைத் தூதாக்காதே, சாட்சியாக்காதே. வகுப்பறையில் வாய் திறவாத அந்தப் பிள்ளையை ஆசிரியராகிய நாம் நாள்தோறும் காண்கிறோம்.

ஆணுக்கும் துணை வேண்டும். உடைந்து நிற்பவனை மதுக்கடைக்கு அழைத்துச் செல்வதுதான் நட்பா? "ஆம்பிளை அழலாமா?" என்று கேட்டு வாயடைப்பதுதான் ஆறுதலா? அழவிடுங்கள்; பின்னர் அவன் பொறுப்பை நினைவூட்டுங்கள்.

இளைஞர்களே! சாதி மறுத்து மணப்போருக்கு நாம் மேடை போடுகிறோம். மாலை எடுத்துக் கொடுக்கிறோம். அம்மணம் முறியும்போது, ஏற்கெனவே இரு வீட்டாரும் கதவடைத்துவிட்ட நிலையில், அவர்கள் நாடுவது நம்மையே. அப்போது, "பிரிந்தால் கொள்கைக்கு இழுக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு வாழுங்கள்" என்று கூறும் தோழர்களும் உண்டு. குலமானம் என்று அத்தை சொன்னதற்கும், கொள்கைமானம் என்று இவர் சொல்வதற்கும் என்ன வேறுபாடு? மனிதருக்காகக் கொள்கையா, கொள்கையின் விளம்பரத்துக்காக மனிதரா? மணக்க உரிமை கேட்டவர் நாம். விலக உரிமை கேட்டவரும் நாம். வாழ்த்துரை வழங்கியவருக்கு, வழக்குமன்ற வாயிலில் நிற்கும் கடமையும் உண்டு. மாலை எடுத்துக் கொடுத்த கை, அன்று மனுவையும் எடுத்துக் கொடுக்கட்டும்!