மூன்று தோற்ற வால்வுகள்

இதய வால்வு வருஷத்துக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் திறந்து மூடும். நம்ம வேலையில மாதிரி வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் பண்ணிட்டு, சனிக்கிழமை காலையில் பழைய வெர்ஷனுக்குத் திரும்புகிற வசதியெல்லாம் அதில் கிடையாது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தானின் குழு செய்த செயற்கை வால்வில் முதல் மூன்று மாடல்களும் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல் தட்டு வைத்துக்கூடப் பார்த்தார்கள். (நீலக்கல்!) ஜெயித்த நாலாவதில் இருந்தது சாதாரண பாலிஎதிலீன் வகைத் தட்டு. 1990இல் அது முதன்முதலாக ஒரு மனித இதயத்துக்குள் போனது. டிடிகே குழுமம் அதைத் தயாரித்து, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலைக்கு விற்றது.

பத்து வருஷத்துக்கும் மேலாகத் தோற்றுக்கொண்டே இருக்கப் பணம் கொடுத்தது அரசு. எந்த முதலீட்டாளராவது மூன்றாவது மாடல்வரை பொறுத்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். விற்பனைக்கு வந்தபிறகு தோற்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பியோர்க்-ஷைலி என்ற அமெரிக்க வால்வின் ஒரு ரகம், 1986இல் நிறுத்தப்படுவதற்குள் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. தட்டைத் தாங்கும் கம்பி, பலருக்கு நெஞ்சுக்குள்ளேயே உடைந்தது.

என்னைக் கேட்டால், மெஷினிலும் ஆடுகளிலும் தோற்பதற்கான செலவை வரிப்பணத்தில் போடுவது நியாயம்தான். பிறகு வரும் லாபத்தில் பங்கு கம்பெனிக்குப் போவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால், அந்த மூன்று தோல்விகளின் செலவு மொத்தத்தையும் வால்வின் விலையில் ஏற்றியிருந்தால், அதை எந்த நோயாளி வாங்கியிருப்பார்?